5 வாட் டிரான்ஸ்மிட்டரின் பவரை ஆஸிலாஸ்கோப் இல்லாமல் அளப்பது எப்படி?

குறுஅலை_40:
40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசைக்கான சிடபிள்யூ (மோர்ஸ்) டிரான்ஸ்மிட்டர், கடைசிக் கட்டத்தில் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர். கையில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும்தான். ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு அளக்கலாமா?

ஈயப்பற்று:
சிமென்ட் ரெசிஸ்டர் வேண்டாம். உள்ளே இருப்பது கம்பிச் சுருள். அதில் 1 மைக்ரோஹென்றி இருந்தாலே 7 மெகாஹெர்ட்ஸில் 44 ஓம் ரியாக்டன்ஸ் (ஏசிக்குச் சுருள் காட்டும் தடை) கூடிவிடும், 50 ஓம் என்ற கணக்கே போய்விடும்.

1 கிலோ ஓம், 2 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் 20 வாங்குங்கள். இரண்டு காப்பர் போர்டு துண்டுகளுக்கு நடுவே எல்லாவற்றையும் பேரலலாக நிறுத்திச் சால்டர் செய்யுங்கள். கால்களை ஒட்ட வெட்டுங்கள், ஆனால் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். மீட்டரில் 49 முதல் 51 ஓமுக்குள் வர வேண்டும். கணக்குப்படி 40 வாட் தாங்கும். 5 வாட்டுக்குச் சூடு பொருட்டே இல்லை.

அளப்பதற்கு 1என்4148 டயோடின் ஆனோடை இந்த லோடில் (ரெசிஸ்டர் தொகுப்பில்) டிரான்ஸ்மிட்டர் அவுட்புட் வரும் முனையில், அதாவது கிரவுண்டு அல்லாத பக்கத்தில், சேருங்கள். கேத்தோடிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட், 100 வோல்ட் டிஸ்க் கெப்பாசிட்டர். அதன் குறுக்கே டிசி வோல்ட் பாருங்கள். அதோடு டயோடுக்காக 0.5 கூட்டி, வர்க்கமாக்கி, 100-ஆல் வகுத்தால் வாட். 5 வாட்டுக்கு உச்ச வோல்ட்டேஜ் 22.4, ஆகவே மீட்டர் 22-ஐ ஒட்டிக் காட்டும்.

அலைமானி:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த டயோடு மேல் விழும் ரிவர்ஸ் வோல்ட்டேஜ் உச்சத்தைப் போல இரு மடங்கு. 1என்4148 தாங்குவது 75 வோல்ட், ஆக 14 வாட்தான் எல்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் 20 ரெசிஸ்டரில் ஒன்றை எடுத்துவிட்டு, 510 ஓம் இரண்டைத் தொடராக வைத்து, அவை சேரும் இடத்தில் டயோடைப் பிடியுங்கள். அங்கே பாதி வோல்ட்டேஜ்தான் இருக்கும். 0.5 கூட்டிய பிறகு 2-ஆல் பெருக்கி, மற்றபடி அதே கணக்கு.

ஹார்மோனிக்ஸை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளை) வெட்டும் லோ பாஸ் ஃபில்டர் இல்லாமல் அளக்கவே அளக்காதீர்கள். டயோடு பிடிப்பது அலையின் உச்சத்தை மட்டுமே; ஹார்மோனிக்ஸ் கலந்த அலையில் வரும் எண்ணை நம்ப முடியாது.

குறுஅலை_40:
செய்து பார்த்தேன், 21.3 வோல்ட். ஆனால் மீட்டர் ஒயரைத் தொட்டால் எண் ஆடுகிறது. இதே அமைப்பில் 50 மில்லிவாட் ஆஸிலேட்டரையும் அளக்கலாமா?

ஈயப்பற்று:
21.3 என்றால் 4.75 வாட், நல்ல அளவு. எண் ஆடுவது ஒயர் வழியே ஆர்எஃப் (டிரான்ஸ்மிட்டரின் ரேடியோ சிக்னல்) ஏறுவதால். போர்டிலேயே 10 கிலோ ஓம் ஒன்றைத் தொடராகப் போட்டு, மீட்டர் பக்கம் இன்னொரு 10 நானோஃபாரட் கிரவுண்டுக்குக் கொடுங்கள். 1 மெகா ஓம் மீட்டரிலும் இதனால் வரும் இழப்பு 1 சதவீதம்தான். முழுவதையும் பால்பவுடர் டின்னுக்குள் அடைத்து, கனெக்டரின் உடலை டின்னோடு சால்டர் செய்தால் இன்னும் நல்லது.

50 மில்லிவாட்டுக்கு உச்சமே 2.24 வோல்ட். டயோடு கணக்கில் 0.3 வோல்ட் பிசகினால் பவரில் கால் பங்கு தப்பிவிடும். 1என்5711 ஷாட்கி டயோடு (வோல்ட்டேஜ் இழப்பு குறைந்த வகை) போட்டால் பிசகு குறையும். அப்போதும் அதை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து டியூன் செய்ய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.