மேக்ஸ்-லெங்த் 10,000 போட்டும் க்யூ 2 லட்சத்தைத் தாண்டிடுச்சு, அவசரம்

இரவுப்பணி:
ரேபிட்எம்க்யூல (மெசேஜை க்யூவுல வெச்சு வாங்கிக் கொடுக்கற புரோக்கர்) பாலிசி (க்யூக்களுக்கான செட்டிங்) போட்டு மேக்ஸ்-லெங்த் (க்யூவுல இருக்கலாம்கிற மெசேஜ் லிமிட்) 10,000 வெச்சிருக்கேன். ஆனா மொத்தம் 2,14,000 காட்டுது. மெமரி அலாரம் வந்து பப்ளிஷர் (மெசேஜ் அனுப்பற புரோகிராம்) எல்லாம் பிளாக். நாங்க வெச்ச அலர்ட் அடிக்கவே இல்ல. புரொடக்‌ஷன், சீக்கிரம் சொல்லுங்க.

தூதஞ்சல்:
எந்த வெர்ஷன்? க்யூ வகை கிளாசிக்கா, குவோரமா? க்யூ பக்கத்துல உங்க பாலிசி பேர் தெரியுதா? ஒரு க்யூவுக்கு ஒரு பாலிசிதான் பிடிக்கும். பிரையாரிட்டி அதிகமான வேற ஒண்ணு முந்தியிருக்கலாம்.

நினைவகம்64:
மெமரி வாட்டர்மார்க்கை (எவ்வளவு பங்கு மெமரி தாண்டினா அலாரம் வரும்கிற அளவு) பாருங்க. 3.x-ல டீஃபால்ட் 0.4, 4.0-ல இருந்துதான் 0.6. அதை ஏத்துங்க, பப்ளிஷர் ஓட ஆரம்பிச்சிடும்.

பழையகை:
வாட்டர்மார்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மேக்ஸ்-லெங்த் ரெடி மெசேஜை (மெசேஜ் வாங்கற புரோகிராமுக்கு, அதாவது கன்ஸ்யூமருக்கு, இன்னும் போகாதது) மட்டும்தான் எண்ணும்னு டாக்குமென்ட்லயே இருக்கு. அதைப் படிக்காம புரொடக்‌ஷன்ல லிமிட் வைக்கறாங்க. ரெடி எத்தனை, அன்ஆக்டு (போயும் ஆக், அதாவது முடிச்சாச்சுங்கிற பதில், வராதது) எத்தனைன்னு சொல்லாம மொத்தத்தை மட்டும் போட்டா யாரு என்ன சொல்றது?

இரவுப்பணி:
3.12, கிளாசிக். பாலிசி பேர் தெரியுது. ரெடி 40, மீதி எல்லாம் அன்ஆக்டு. கன்ஸ்யூமர் ஒண்ணுதான்.

தூதஞ்சல்:
அப்ப ப்ரீஃபெட்ச் (ஆக் வராம கன்ஸ்யூமர் கையில இருக்கலாம்கிற மெசேஜ் அளவு) வைக்கல. வர்றது எல்லாத்தையும் அந்த ஒரே கன்ஸ்யூமர் அள்ளிக்குது, ஆக் மட்டும் மெதுவா வருது. ரெடி ஏறவே இல்லாததால லிமிட்டும் வேலை செய்யல. உங்க அலர்ட்டும் ரெடியை மட்டும் பார்க்குதுன்னு நினைக்கிறேன்.

நினைவகம்64:
ப்ரீஃபெட்ச் 200 வெச்சு கன்ஸ்யூமரை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க, சரியாயிடும்.

தூதஞ்சல்:
இரவுப்பணி, இப்ப ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க! கனெக்‌ஷன் அறுந்ததும் அந்த 2 லட்சமும் ரெடிக்குத் திரும்பும். ஓவர்ஃப்ளோ (லிமிட் தாண்டினா என்ன செய்யணும்கிறது) எதுவும் சொல்லாட்டி டிராப்-ஹெட்தான். 10,000 போக மீதி எல்லாம் பழசுல இருந்து போயிடும், டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் (தள்ளின மெசேஜை வேற இடத்துக்கு அனுப்பற வழி) இல்லன்னா திரும்பக் கிடைக்காது. சும்மா விட்டாலும் ஆபத்துதான்: 30 நிமிஷமா ஆக் வராத மெசேஜ் இருந்தா புரோக்கரே சேனலை (கன்ஸ்யூமர் பேசற பாதை) மூடிடும், அப்பவும் இதேதான் நடக்கும். முதல்ல பாலிசியில லிமிட்டை எடுங்க, அப்புறம் ரீஸ்டார்ட்.

பழையகை:
எடுக்கவே வேணாம். ஓவர்ஃப்ளோவை ரிஜெக்ட்-பப்ளிஷ்னு (புதுசா வர்றதை மறுக்கறது) மாத்தினா போதும், பழைய மெசேஜ் போகாது. டிராப்-ஹெட் வெச்சு ஓட்டறதே தப்பு.

நினைவகம்64:
அப்படிப் பொதுவாச் சொல்லக்கூடாது. சென்சார் ரீடிங் மாதிரி புதுசுதான் முக்கியம்னா டிராப்-ஹெட்தான் சரி. ரிஜெக்ட்-பப்ளிஷ் வெச்சாலும், பப்ளிஷர் கன்ஃபர்ம் (மெசேஜை ஏத்துக்கிட்டாச்சான்னு பதில் கேக்கறது) போடாட்டி நாக் (ஏத்துக்கலங்கிற பதில்) யாருக்கும் போய்ச் சேராது. மெசேஜ் தொலைஞ்சதே தெரியாது.

பழையகை:
கன்ஃபர்ம் இல்லாம பப்ளிஷ் பண்றவங்க லிமிட்டைப் பத்தியே பேசக்கூடாது.

தூதஞ்சல்:
அந்த வாதத்தைத் தனி இழையில வெச்சுக்கலாம். இரவுப்பணி, எந்த மெட்ரிக்ல (அளவீட்டுல) அலர்ட் வெச்சிருக்கீங்க? ப்ரொமிதியஸ் (கண்காணிப்புக் கருவி) பிளகின் 15692 போர்ட்ல மெட்ரிக்ஸ் தரும். சாதாரணமாக் கேட்டா எல்லா க்யூவையும் கூட்டித்தான் வரும், க்யூவாரியா வேணும்னா பெர்-ஆப்ஜெக்ட் பாதையில எடுக்கணும். அன்ஆக்டுக்குத் தனி அலர்ட் கட்டாயம் வைங்க.

இரவுப்பணி:
லிமிட்டை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், ப்ரீஃபெட்ச் 200. அலாரம் போயிடுச்சு, ரெடி இறங்குது. அலர்ட் ரெடியில மட்டும்தான் இருந்தது. நன்றி.

பழையகை:
லிமிட்டைத் திரும்பப் போட்டீங்களா? ஓவர்ஃப்ளோ என்ன வெச்சீங்க?