பிரஷர் கன்ட்ரோலரில் செட்பாயிண்ட் மாற்ற எது எளிது: குமிழா, பட்டனா, கீபேடா?

கேட்டவர்:
அர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டை வைத்து சின்ன ஏர் கம்ப்ரசருக்கு ஒரு பிரஷர் கன்ட்ரோலர் செய்துகொண்டிருக்கிறேன். சென்சார் 0 முதல் 10 பார் வரை, வெளியீடு 0.5 முதல் 4.5 வோல்ட். கம்ப்ரசரை ஆன் ஆஃப் செய்ய ஒரு ரிலே, ஐ2சி (இரண்டு கம்பி இணைப்பு) வழியாக 16க்கு 2 எல்சிடி, எல்லாம் ஓடுகிறது. எந்த அழுத்தத்தில் கம்ப்ரசர் நிற்க வேண்டும் என்பதை (செட்பாயிண்ட்) மட்டும் நிரலுக்குள் எழுதி வைத்திருப்பதால், மாற்ற நினைக்கும்போதெல்லாம் லேப்டாப்பைக் கொண்டுவந்து செருக வேண்டியிருக்கிறது. 2 முதல் 6 பார் வரை, 0.1 படியாக மாற்றினால் போதும். கையில் 4க்கு 4 கீபேட் இருக்கிறது, ஆனால் 8 பின் கேட்கிறது. நிரல் எழுத இப்போதுதான் பழகுகிறேன், எதை வைக்கலாம்?

பதில் 1:
10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் போடுங்கள், திருப்பினால் வோல்ட் மாறும் குமிழ் அது. ஒரே ஒரு அனலாக் பின், ஒரு வரி நிரல், கரண்ட் போய் வந்தாலும் குமிழ் வைத்த இடத்திலேயே இருக்கும். அனலாக் பின் தரும் 0 முதல் 1023 வரையான அளவை 40 படியாகப் பிரித்தால் ஒரு படிக்கு 25 எண்ணுக்கு மேல் கிடைக்கிறது, தாராளம். இரண்டு படிக்கு நடுவில் நின்றால் திரையில் 3.4, 3.5 என்று மாறி மாறித் துடிக்கும், அதற்கு ஒரு 15 எண்ணாவது நகர்ந்தால்தான் ஏற்றுக்கொள் என்று எழுதிவிட்டால் அடங்கிவிடும்.

பதில் 2:
விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க என்றால் நானும் குமிழைத்தான் சொல்வேன். இது அழுத்தம். பொட்டென்ஷியோமீட்டரின் கிரவுண்ட் பக்கக் கம்பி விட்டுப்போனால் நடுக்கால் நேராக 5 வோல்ட்டைக் காட்டும், அதாவது செட்பாயிண்ட் தானாகவே 6 பாருக்குப் போய்விடும், யாரும் தொடாமலே. கை பட்டுக் குமிழ் திரும்பினாலும் அப்படித்தான். மூன்று பட்டன் போதும்: செட், கூட்டு, குறை. பட்டனின் ஒரு கால் பின்னுக்கு, மறுகால் கிரவுண்டுக்கு, நிரலில் இன்புட் புல்அப் (சிப்புக்குள் இருக்கும் ரெசிஸ்டரே பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைப்பது) என்று கொடுத்தால் தனியாக ரெசிஸ்டர்கூட வேண்டாம். செட்டை 2 விநாடி பிடித்தால்தான் மாற்றவே முடியும், மறுபடி செட் அழுத்தினால்தான் புது மதிப்பு அமலுக்கு வரும் என்று வையுங்கள். கம்பி அறுந்தால் பட்டன் அழுத்தாதது போலத்தான் தெரியும், பழைய மதிப்பு அப்படியே நிற்கும்.

பதில் 3:
குமிழ் மாதிரியே இருந்து, திருப்பத் திருப்ப சிக்னல் தரும் என்கோடரும் உண்டு, திருப்ப சுகமாக இருக்கும், ஆனால் இரண்டு சிக்னலின் வரிசையைப் பார்த்து திசை கண்டுபிடிக்க வேண்டும், மலிவானவற்றில் துள்ளலும் அதிகம். அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீபேட் இங்கே தேவையே இல்லை.

கேட்டவர்:
பட்டன் போட்டேன். இரண்டு சிக்கல். ஒரு தடவை அழுத்தினால் சில சமயம் மூன்று நான்கு படி தாவுகிறது. அப்புறம், செட் மோடில் நான் யோசித்துக்கொண்டு நின்றபோது கம்ப்ரசர் 4 பாரைத் தாண்டியும் ஓடிக்கொண்டே இருந்தது, பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

பதில் 2:
பிடுங்கியது சரி. முதலாவது, பட்டனுக்குள் இருக்கும் தகடு சில மில்லிவிநாடி துள்ளுவதால் வருவது. நிலை மாறிய பிறகு 30 மில்லிவிநாடி மாறாமல் இருந்தால்தான் அழுத்தியதாகக் கணக்கில் எடுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். செட் மோடில் பட்டனுக்காக ஒரு வைல் சுழலுக்குள் (நிபந்தனை மாறும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குள் இருக்கும் வரை அழுத்தத்தை யாரும் பார்ப்பதில்லை, ரிலே கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். வைலும் வேண்டாம், டிலேயும் வேண்டாம். லூப் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் முதலில் சென்சாரைப் படித்து ரிலேயை முடிவு செய்யட்டும், அதற்குப் பிறகு பட்டன், கடைசியில் திரை. நேரக் கணக்கெல்லாம் மில்லிஸ் (போர்டு தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லிவிநாடி) வைத்து. செட் மோடு என்பது ஒரு மாறியில் இருக்கும் எண், அவ்வளவுதான்.

இதோடு இன்னும் மூன்று. செட்பாயிண்டைப் பத்தால் பெருக்கி 20 முதல் 60 வரை முழு எண்ணாக வைத்தால் ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) ஒரே பைட்டில் அடங்கும். ஒரு இடத்தில் ஏறக்குறைய 1,00,000 தடவைதான் எழுதலாம் என்பதால் செட் உறுதியானதும் மட்டும் எழுதுங்கள். புது சிப்பில் 255 என்று இருக்கும், படித்த எண் வரம்புக்கு வெளியே இருந்தால் 20 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் 0.3 வோல்ட்டுக்குக் கீழேயோ 4.7க்கு மேலேயோ காட்டினால் அது அழுத்தம் இல்லை, கோளாறு, ரிலே ஆஃப். சிக்னல் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் போட்டால் அறுந்த கம்பி பூஜ்யமாகத் தெரியும். தொட்டியில் மெக்கானிக்கல் சேஃப்டி வால்வு இருக்கிறதா? இல்லையென்றால் அதைப் பொருத்தும் வரை ஓட்டவே வேண்டாம், நிரல் எவ்வளவு நன்றாக எழுதினாலும் ரிலேயின் தகடு ஒட்டிக்கொண்டால் நிரலால் ஒன்றும் செய்ய முடியாது.

கேட்டவர்:
வைல் சுழல்தான் காரணம், அதை எடுத்துவிட்டு நீங்கள் சொன்ன வரிசையில் மாற்றி எழுதினேன். வால்வு இருக்கிறது, வளையத்தை இழுத்துப் பார்த்தேன், காற்று வெளியேறுகிறது. செட் மோடில் விட்டுவிட்டு நின்றேன், 4.0 வந்ததும் நின்றது, 3.6க்கு இறங்கியதும் திரும்ப ஓடியது. ஓடும்போதே சென்சார் கம்பியைப் பிடுங்கினேன், உடனே நின்று திரையில் கோளாறு என்று வந்தது. பட்டன் இப்போது ஒரு அழுத்தலுக்கு ஒரு படிதான் நகர்கிறது. இருவருக்கும் மட்டுமல்ல, குமிழ் சொன்னவருக்கும் நன்றி, அந்த 15 எண் யோசனையைத் திரையில் அழுத்தம் துடிப்பதை நிறுத்த எடுத்துக்கொண்டேன், அங்கே 4 எண் போதுமானதாக இருந்தது.