1500 வாட் ஹீட்டர் ராடு 1190 வாட்தான் எடுக்கிறது: ராடு பழுதா, ஒயர் பழுதா?

கொல்லைப்புறம்
எங்கள் குளியலறை கொல்லையில் தனியாக இருக்கிறது. அங்கே மின் இணைப்பு கிடையாது. வீட்டுச் சுவிட்ச் போர்டிலிருந்து 30 மீட்டர் ஒயரில் எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்து, பக்கெட் தண்ணீரில் 1500 வாட் ஹீட்டர் ராடு போடுகிறோம். சில வாரங்களாகத் தண்ணீர் காய நெடுநேரமாகிறது. ராடு போய்விட்டது, புதிது வாங்கு என்கிறார் அப்பா. தெரிந்த ஒயர்மேன் ஒருவர் அளந்து தந்த எண்கள் இவை: ராடு ஓடும்போது பெட்டியில் 205 வோல்ட், மின்னோட்டம் 5.8 ஆம்பியர், ராடை அணைத்தால் 228 வோல்ட். 205-ஐயும் 5.8-ஐயும் பெருக்கினால் 1189 வாட்தான் வருகிறது. மீதி 300 வாட் எங்கே? ராட்டின் மின்தடை கூடிவிட்டதா?

சூடான நீர்
தலைவலி எதற்கு? 2000 வாட் ராடு வாங்கிப் போடுங்கள், சீக்கிரம் காய்ந்துவிடும்.

இயற்பியல் ஆசிரியை
2000 வாட் ராடு வேண்டவே வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ராடைப் பார்ப்போம். அதன் மேல் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருக்கும். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் 6.52 ஆம்பியர், 230-ஐ 6.52-ஆல் வகுத்தால் மின்தடை 35.3 ஓம். இப்போது நீங்கள் அளந்ததை வகுத்துப் பாருங்கள்: 205 ÷ 5.8 = 35.3 ஓம். அதே எண்! ராடு புதிதாக வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லுங்கள், காசு மிச்சம்.

கொல்லைப்புறம்
நன்றி அம்மா. ஆனால் 230-லிருந்து 205 என்றால் 11 சதவீதக் குறைவுதானே? திறன் மட்டும் ஏன் 21 சதவீதம் குறைகிறது?

இயற்பியல் ஆசிரியை
மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் அதே அளவில் குறைகிறது. திறன் என்பது இரண்டின் பெருக்கல், ஆகவே அடி இரண்டு முறை விழுகிறது. 205-இன் வர்க்கத்தை 35.3-ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய அதே 1190 வாட் வரும். கணக்கு சரிதானா என்று பார்க்க இந்த இரண்டாவது வழியை எப்போதும் போட்டுப் பார்ப்பது நல்லது.

பழைய ஒயர்மேன்
தம்பி, எனக்குக் கவலை வேறு இடத்தில். ராடு போட்டதும் 228 வோல்ட் 205 ஆகிறது. நடுவே 23 வோல்ட் விழுகிறது. 23-ஐ 5.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4 ஓம். பெருக்கினால் 133 வாட். அவ்வளவும் தண்ணீருக்குப் போகாமல் வழியிலேயே சூடாகிறது, மீட்டரும் அதற்குச் சேர்த்தே ஓடுகிறது. ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர்? செம்பா? நடுவில் ஜாயின்ட் உண்டா? பிளக் எந்த வகை? ராடு ஓடும்போது வீட்டுப் போர்டில் எத்தனை வோல்ட் என்பதையும் ஒயர்மேனைக் கொண்டே பார்க்கச் சொல்லுங்கள்.

கொல்லைப்புறம்
0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஐயா. நடுவில் ஓரிடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. வீட்டுப் பக்கம் 5 ஆம்பியர் பிளக். அதன் ஒரு பின்னைச் சுற்றிப் பழுப்பாக இருக்கிறது. ராடு ஓடும்போது போர்டில் 226 வோல்ட் காட்டியதாம்.

பழைய ஒயர்மேன்
உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். இன்று இரவுகூட வேண்டாம்.

போர்டு வரை 2 வோல்ட்தான் இழப்பு, அது இயல்பு. மீதி 21 வோல்ட் உங்கள் ஒயரிலும் பிளக்கிலும் போகிறது. 30 மீட்டர் ஒயர் என்றால் போக, வர 60 மீட்டர் செம்பு, 0.75 அளவில் அதன் தடை சுமார் 1.4 ஓம். அதற்கு 8 வோல்ட் கணக்கு. எஞ்சிய 13 வோல்ட் அந்த டேப் ஜாயின்ட்டிலும் கருகிய பிளக்கிலும்தான் விழ முடியும். 13-ஐ 5.8-ஆல் பெருக்குங்கள்: 75 வாட். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஜாயின்ட்டில் சூடு ஏறும். 2000 வாட் ராடு போட்டால் மின்னோட்டம் ஏழரை ஆம்பியராகி, அங்கே சூடு ஒன்றரை மடங்குக்கும் மேல் போகும்.

கொல்லைப்புறம்
இவ்வளவு சூடாகியும் போர்டில் தானாக அணையும் பாதுகாப்புச் சுவிட்சான எம்.சி.பி. ஏன் விழவில்லை?

பழைய ஒயர்மேன்
எம்.சி.பி. மின்னோட்டம் அளவு மீறினால்தான் விழும். கெட்ட ஜாயின்ட் மின்னோட்டத்தைக் குறைக்கிறது, கூட்டுவதில்லை. மின்கசிவைக் கண்டு அணையும் சுவிட்சான ஆர்.சி.சி.பி., கசிவு இருந்தால்தான் விழும். ஜாயின்ட் சூட்டை இரண்டுமே காணாது. கைக்குச் சூடு தெரிவதும் மூக்குக்கு வாடை வருவதும்தான் எச்சரிக்கை.

2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாக, 16 ஆம்பியர் மூன்று பின் பிளக்கோடு போடச் சொல்லுங்கள். எர்த் ஒயர் கடைசி வரை வர வேண்டும். ராடு தண்ணீரில் இருக்கும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே கையை விடுங்கள்.

கொல்லைப்புறம்
மாற்றியாகிவிட்டது. பழைய டேப்பைப் பிரித்தபோது உள்ளே செம்பு கறுத்து, பாதி இழைகள் அறுந்திருந்தன. இப்போது ராடு ஓடும்போது பெட்டியில் 223 வோல்ட், 6.3 ஆம்பியர், அதாவது 1405 வாட். வகுத்தால் 35.4 ஓம். பிளக் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது. வீட்டில் நிரந்தரமாகக் குளியலறைக்குத் தனி லைன் இழுக்கவும் முடிவெடுத்துவிட்டோம். இருவருக்கும் மிகுந்த நன்றி.

தோட்டக்காரன்
இதே கணக்கைக் கிணற்று மோட்டாருக்கும் போடலாமா? மோட்டார் சுருளை மீட்டரில் அளந்தால் சில ஓம்தான் வருகிறது. அப்படியானால் திறன் ஆயிரக்கணக்கில் போகிறதே?

இயற்பியல் ஆசிரியை
போடக் கூடாது. ராடு வெறும் தடை, ஆகவே எளிய பெருக்கல் போதும். மோட்டார் சுற்றும்போது எதிர் மின்னழுத்தம் உண்டாகி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். அது மீட்டர் காட்டும் ஓமில் தெரியாது. சிங்கிள் பேஸ் மோட்டார் என்றால், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதை மின்திறன் காரணியாலும் (பவர் ஃபாக்டர், அதாவது அந்தப் பெருக்கலில் உண்மைத் திறனாகும் பங்கு) பெருக்கினால்தான் உண்மையான வாட். அந்த எண்ணும் ஆம்பியரும் பெரும்பாலும் மோட்டாரின் பெயர்ப்பலகையிலேயே இருக்கும். பலகையைப் பார்த்து இங்கே எழுதுங்கள், சேர்ந்து கணக்கிடுவோம்.