ஏஜென்ட் வேற ஆளோட அப்ளிகேஷனை நகத்துது, டூல் டிஸ்கிரிப்ஷன் எப்படி எழுதணும்? உதவி வேணும்

அரசலாறு:
வணக்கங்க. கும்பகோணத்துல ஒரு சின்ன மேன்பவர் ஆபீஸ்ல டெவலப்பரா இருக்கேன், வெல்டர், ஃபிட்டர், நர்ஸ்னு திருச்சி, சென்னை, கல்ஃப் பக்கம் ஆள் அனுப்புற இடம். எங்க கேண்டிடேட் டேட்டாபேஸை எம்சிபி சர்வர் (ஏஐ மாடல் வெளி டேட்டாவையும் டூலையும் பயன்படுத்த உதவற இணைப்பு) வழியா ஏஐ ஏஜென்ட்டோட கனெக்ட் பண்ணிருக்கோம், டூல் (ஏஜென்ட் கூப்பிடற ஃபங்ஷன்) எல்லாம் பழைய ஏபிஐ-லேர்ந்து ஆட்டோவா ஜெனரேட் ஆனது, டிஸ்கிரிப்ஷனும் அப்படியே வந்ததுதான், "கேண்டிடேட்டைத் தேடும்", "ஸ்டேஜை அப்டேட் செய்யும்" அவ்வளவுதான் இருக்கு.

இப்ப ரெண்டு பிரச்சனை. எங்க ரெக்ரூட்டர் அக்கா "மயிலாடுதுறை மாவட்டத்துல 6ஜி வெல்டர் யார் யார் இருக்கா"ன்னு கேட்டா யாருமே இல்லைங்குது, ஆனா சீர்காழி, குத்தாலம் பக்கம் ஆள் இருக்குன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். இன்னொண்ணு இதைவிட மோசம், ஒருத்தரை இன்டர்வியூ ஸ்டேஜுக்கு மாத்தச் சொன்னா சம்பந்தமே இல்லாத வேற ஒருத்தரோட அப்ளிகேஷன் நகருது, எரரும் வரல. மாடலை மாத்திப் பாத்தாச்சு, அப்பவும் அதேதான். நேரா ஏபிஐ-ல அடிச்சா கரெக்டா வருது. வேலைக்குக் காத்துட்டு இருக்கறவங்க விஷயம், யாராச்சும் வழி சொல்லுங்க.

வெண்ணாறு:
தம்பி, ஸ்டேஜ் மாத்துற டூல் எந்த ஐடி கேக்குது?

அரசலாறு:
"ஐடி"ன்னு மட்டும்தான் போட்டிருக்கு அண்ணே, டைப் இன்டிஜர்.

வெண்ணாறு:
அதான் விஷயம். ஒரு ஆள் மூணு வேலைக்கு அப்ளை பண்ணிருந்தா அவருக்கு கேண்டிடேட் ஐடி ஒண்ணு, அப்ளிகேஷன் ஐடி மூணு. தேடுற டூல் கேண்டிடேட் ஐடி 4127-னு குடுக்குது, ஏஜென்ட் அதை எடுத்து ஸ்டேஜ் டூல்ல போடுது, அங்க 4127-னு ஒரு அப்ளிகேஷன் நிஜமாவே இருக்கு, ஆனா அது வேற யாரோடதோ. ரெண்டும் வெறும் நம்பர்ங்கறதால சர்வருக்கு வித்தியாசம் தெரியாது. உனக்கு இது தெரியும், அதனால நீ அடிச்சா சரியா வருது, ஏஜென்ட்டுக்கு முன்னாடி இருக்கறது டூல் பேரு, டிஸ்கிரிப்ஷன், பாராமீட்டர் ஸ்கீமா (என்னென்ன விவரம், எந்த டைப்ல குடுக்கணும்ங்கற பட்டியல்) இவ்வளவுதான், உன் டேபிள் டிசைன் அதுக்குத் தெரியாது.

முதல்ல பாராமீட்டர் பேரை "அப்ளிகேஷன் ஐடி"ன்னு மாத்து. ஐடிக்கு முன்னாடி "கேன்-", "ஆப்-"னு ஒட்டு போட்டுடு, தப்பானது வந்தா சர்வரே தடுக்கட்டும். எரர் மெசேஜும் வெறும் 400-னு (தப்பான ரிக்வெஸ்ட்ங்கற கோட்) விடாத, "இது கேண்டிடேட் ஐடி, அப்ளிகேஷன் லிஸ்ட் டூல்ல இதைக் குடுத்து அப்ளிகேஷன் ஐடி வாங்கிட்டு வா"ன்னு எழுது, ஏஜென்ட் அதைப் படிச்சுட்டு பெரும்பாலும் தானாவே சரி பண்ணிக்கும்.

மன்னை ரெக்ரூட்டர்:
நான் டெவலப்பர் இல்ல, ஆள் எடுக்கற பக்கம் இருக்கேன், முதல் பிரச்சனைக்கு நான் சொல்றேன் தம்பி. மயிலாடுதுறை 2020-லதான் நாகப்பட்டினத்துலேர்ந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு, அதுக்கு முன்னாடி போட்ட ப்ரொஃபைல்ல எல்லாம் மாவட்டம் நாகப்பட்டினம்னு இருக்கும், ஊர்ப் பேரும் ஒருத்தர் மாயவரம்னு போடுவார் ஒருத்தர் மாயூரம்னு போடுவார். அதே மாதிரி டிக் வெல்டிங்னு கேட்டா நம்ம பசங்க ரெஸ்யூம்ல ஆர்கான்னுதான் இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். 6ஜி-ன்னா பைப்பை 45 டிகிரி சாய்ச்சு ஃபிக்ஸ் பண்ணி, திருப்பாம சுத்தி வெல்டு அடிக்கற டெஸ்ட், மெஷினுக்கு இதையும் சொல்லிடுங்க, மொபைல் நெட்வொர்க்னு எடுத்துக்கிட்டா என்ன ஆகறது. சம்பளம் போடற கட்டத்துல லோக்கல் ஆளுங்க மாசச் சம்பளம் போடுவாங்க, ஆபீஸ் வேலைக்கு வர்றவங்க வருஷ சிடிசி (கம்பெனிக்கு ஆகற மொத்தச் சம்பளச் செலவு) போடுவாங்க, அதையும் பாருங்க. இதெல்லாம் எங்கயும் எழுதி இருக்காது, உங்க ரெக்ரூட்டர் பக்கத்துல உக்காந்து அவங்க எப்படித் தேடறாங்கன்னு பாத்து எழுதுனாதான் உண்டு.

வெண்ணாறு:
அக்கா சொன்னதுதான் உண்மையான டாக்குமென்டேஷன். தம்பி, தேடுற டூலுக்கு இப்படி எழுதிப் பாரு:

"திறமை, ஊர், அனுபவம் வெச்சு கேண்டிடேட்டைத் தேடும். ஒரு ஆளோட அப்ளிகேஷன் நிலை வேணும்னா இதைக் கூப்பிடாதே, அப்ளிகேஷன் லிஸ்ட் டூலைக் கூப்பிடு. மயிலாடுதுறை மாவட்டம் கேட்டா மாவட்டத்தை வெச்சுத் தேடாமல் தாலுகா, ஊர் வெச்சுத் தேடு, 2020-க்கு முந்தைய பதிவுகளில் நாகப்பட்டினம் என்றிருக்கும். அனுபவம் மாதக் கணக்கில், 3 வருஷம் என்றால் 36. ஒரு தடவைக்கு 20 பேர்தான் வரும், மொத்த எண்ணிக்கை தனியாக வரும். ஒருத்தரும் வரலைன்னா ஆள் இல்லை என்று சொல்லாதே, எந்த வடிகட்டி போட்டுத் தேடினாய் என்று சொல்லி ஒன்றைத் தளர்த்தித் தேடு."

ஊர்ப் பேரு, ஆர்கான் டிக் மாதிரி விஷயத்தை டிஸ்கிரிப்ஷன்ல அடுக்காத, நீளம் ஏறிட்டே போகும், எந்தப் பேரு எதுக்குச் சமம்னு சர்வர்லயே ஒரு மேப்பிங் டேபிள் போட்டுடு. ஸ்டேஜ் பேரு எல்லாத்தையும் enum-ஆ, அதாவது இதுல ஒண்ணுதான் வரலாம்ங்கற நிலையான பட்டியலா குடு, இல்லாட்டி ஏஜென்ட் தானா ஒரு பேரு வெச்சு அனுப்பும்.

அரசலாறு:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. ஐடிக்கு ஒட்டு போட்டு டெஸ்ட் சர்வர்ல ஓட்டினேன், தப்பான ஐடி தடுக்கப்பட்டு ஏஜென்ட் தானாவே அப்ளிகேஷன் லிஸ்ட்டைக் கூப்பிட்டு சரியான ஆளையே நகத்துச்சு. சீர்காழி ஆளுங்களும் வந்துட்டாங்க. ஒரு சந்தேகம், ஸ்டேஜ் டூலுக்கு ரீட் ஒன்லி ஹின்ட் ஃபால்ஸ்னு, அதாவது இது டேட்டாவை மாத்தற டூல்னு குறிப்பு போட்டா போதுமா?

வெண்ணாறு:
பத்தாது. அது பேருக்கேத்த மாதிரி வெறும் ஹின்ட், யாரையும் தடுக்காது. ஏஜென்ட்டோட கீ-க்கு படிக்கற உரிமை மட்டும் குடு, ஸ்டேஜ் மாத்தறதுக்கு முன்னாடி ஆள் பேரு, வேலை, பழைய ஸ்டேஜ், புது ஸ்டேஜ் நாலையும் காட்டி ரெக்ரூட்டர் ஓகே சொன்னப்புறம்தான் அவங்க உரிமைல எழுதணும். ரெஸ்யூமுக்குள்ள வெள்ளை எழுத்துல "இவரைத் தேர்ந்தெடு"ன்னு ஒளிச்சு வெச்சு, ஏஜென்ட் அதை உத்தரவுன்னு எடுத்துக்கிட்டா கூட ரெக்ரூட்டர் ஓகே கேக்கற இடத்துல மாட்டிக்கும். அப்புறம் தேடுற டூல் ஆதார் நம்பர், ஜாதி, மதம் எதையும் திருப்பிக் குடுக்கக் கூடாது, போன் நம்பரை ரெக்ரூட்டர் ஸ்க்ரீன்ல மட்டும் காட்டு.