டபிள்யூஎச்எம் நேம்சர்வர் அமைப்பு: பழைய கணக்குகளை எப்படி மாற்றுவது?

அனைவருக்கும் வணக்கம். சில சிறு கடைகளுக்கும் இரண்டு பள்ளிகளுக்கும் நான் செய்து கொடுத்த இணையதளங்களை ஒரே விபிஎஸ் (மெய்நிகர்) சர்வரில், தளங்களை நிர்வகிக்கும் சிபேனல் மென்பொருளை வைத்து நடத்தி வருகிறேன். சிபேனலின் சர்வர் நிர்வாகப் பகுதியான டபிள்யூஎச்எம்மின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில் முதலில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் நேம்சர்வர்களே (டொமைன் பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் சர்வர்கள்) இருந்தன. சென்ற வாரம் அவற்றை நீக்கிவிட்டு, என் சொந்த டொமைனில் என்எஸ்1, என்எஸ்2 என்ற பெயர்களை இட்டேன்.

அதன்பின் சேர்த்த கணக்கில் புதிய பெயர்கள் சரியாக வந்துவிட்டன. ஆனால் பழைய பதினொரு கணக்குகளின் ஸோன் கோப்புகளை (டொமைனின் முகவரி விவரங்கள் உள்ளவை) திறந்து பார்த்தால், நேம்சர்வர்களைக் குறிக்கும் என்எஸ் வரிகள் இரண்டிலும் பழைய பெயர்களே நிற்கின்றன. இந்த அமைப்பு இனி உருவாக்கும் கணக்குகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது அப்போதுதான் புரிந்தது. என்எஸ்1 என் டொமைனுக்கு உள்ளேயே இருப்பதால், அதன் ஐபி முகவரியை அறிய அதையே கேட்க வேண்டிய சுழல் ஏற்படாதிருக்க, டொமைன் பதிவு செய்த இடத்தில், அந்த ஐபியை நேரடியாகத் தரும் குளூ ரெக்கார்டையும் சேர்த்துவிட்டேன்.

பழைய ஸோன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்துவதுதான் வழியா, அல்லது மொத்தமாக மாற்றும் பாதுகாப்பான முறை உண்டா? முதலில் ஸோனைத் திருத்திவிட்டுப் பிறகு டொமைன் பதிவாளரிடம் மாற்றுவதுதானே சரியான வரிசை? என்எஸ் வரிகளின் டிடிஎல் (பிற சர்வர்கள் அவற்றை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 86400 விநாடி, அதாவது ஒரு முழு நாள் என்றிருக்கிறது. அதை முன்கூட்டியே குறைத்துக்கொள்வது பயன் தருமா? பள்ளிகளுக்கு இது சேர்க்கைக் காலம், பெற்றோர் அனுப்பும் மின்னஞ்சல் ஒன்றுகூடத் தவறிவிடக் கூடாது என்பதே என் கவலை. இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.