ஆத்தங்குடி கல் ஏற்றுமதி: ஜெர்மன் கம்பெனி கேட்கும் குழந்தைத் தொழிலாளர் உறுதிமொழி

கல்பட்டறை_காரைக்குடி:
எங்கள் சரக்கில் எந்தக் கட்டத்திலும் குழந்தைத் தொழிலாளர் இல்லை என்று ஜெர்மன் கம்பெனி ஒன்று கையெழுத்துக் கேட்கிறது. கல், அதாவது தரையில் பதிக்கும் டைல்ஸ், போடுவது சுற்றியுள்ள வீட்டுப் பட்டறைகளில். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் கல் வார்க்கும் கண்ணாடியைத் துடைப்பார்கள், கலர் கரைத்துக் கொடுப்பார்கள். அந்த ஊர் சப்ளை செயின் சட்டம் நம்மைக் கட்டுமா? நம் சட்டத்தில் வீட்டுத் தொழிலுக்கு விலக்கு இருக்கிறதே, போதாதா?

சட்டக்குறிப்பு:
நேரடியாகக் கட்டாது. சரக்கு வரும் வழியில் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று கம்பெனியே பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். 2023 ஜனவரி 1-ல் வந்த அது, 2024 முதல் ஜெர்மனியில் 1,000 பணியாளர்களாவது உள்ள கம்பெனிகளுக்குப் பொருந்தும். ஆண்டுதோறும் நேரடி சப்ளையர்களை ஆராய வேண்டியது அவர்கள் கடமை. உங்களுக்குக் கல் தரும் பட்டறைகள் அவர்களுக்கு மறைமுக சப்ளையர். அங்கே மீறல் நடப்பதாக ஆதாரத்தோடு தகவல் வந்தால் அங்கும் விசாரித்தாக வேண்டும். இந்தச் சுமையைத்தான் ஒப்பந்தம் வழியாக உங்கள் தலையில் வைக்கிறார்கள்.

நம் 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் தரும் விலக்கு ரொம்பக் குறுகியது. 14 வயது நிரம்பாத பிள்ளை பள்ளி நேரம் போக, விடுமுறையில், சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம். படிப்பு கெடக்கூடாது, ஆபத்தான வேலையாகவும் இருக்கக்கூடாது. பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் வரைதான் குடும்பம். பக்கத்து வீட்டுப் பையன் கண்ணாடி துடைத்தாலே குற்றம்: 6 மாதம் முதல் 2 ஆண்டு சிறை, அல்லது ₹20,000 முதல் ₹50,000 அபராதம், அல்லது இரண்டும். சிமெண்ட் தூசியும் கலர் பொடியும் பறக்கிற இடம் என்பதால், சட்டத்தின் ஆபத்துத் தொழில் அட்டவணையில் உங்கள் வேலை வருகிறதா என்று தொழிலாளர் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தணிக்கை_சிவகங்கை:
நம் சட்டத்தில் 14 என்றாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் நடத்தை விதிகளில் பெரும்பாலும் 15. அதையே வைத்துக்கொள்ளுங்கள், 18-க்குக் கீழே யாரையும் ஆபத்தான வேலையில் விடாதீர்கள். வயதுக்குப் பிறப்புச் சான்றோ பள்ளி டி.சி.யோ பாருங்கள். ஆதாரை மட்டும் நம்பாதீர்கள், பல அட்டைகளில் தேதி வாய்மொழியாகச் சொன்னதுதான்.

பட்டறைக்குக் காலை 11 மணிக்குப் போனால் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், ஒன்றும் தெரியாது. மாலை 5 மணிக்கு, சனிக்கிழமை, மே மாதம் போங்கள். அதைவிட முக்கியம் கணக்கு. பதிவேட்டில் இருக்கும் பெரியவர்கள் ஒரு நாளில் எத்தனை கல் போட முடியும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் சரக்கு வந்தால் யார் கையால் வந்தது? கல்லுக்கு நீங்கள் கொடுக்கும் கூலியில் குடும்பம் நடக்காவிட்டால் பிள்ளையும் வேலைக்கு இறங்கத்தான் செய்யும். கூலியையும் அவசர ஆர்டரையும் சரிசெய்யாமல் உறுதிமொழி வாங்கிப் பயனில்லை.

கல்பட்டறை_காரைக்குடி:
நன்றி. அப்படி ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்தால் அந்தப் பட்டறையை நிறுத்திவிடலாமா?

சட்டக்குறிப்பு:
பட்டறையை உடனே நிறுத்தாதீர்கள், பிள்ளை இதைவிட மோசமான இடத்துக்குப் போய்விடும். ஜெர்மன் சட்டத்திலும் உறவை முறிப்பது கடைசி வழிதான். பிள்ளையின் வேலையை மட்டும் அன்றே நிறுத்தி, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லி, பள்ளியில் சேர்ந்ததற்குச் சான்று வாங்குங்கள். அந்த வேலையை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, சரக்கு வாங்கும் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். உறுதிமொழிப் படிவத்திலும் மொட்டையாக 'இல்லை' என்று எழுத வேண்டாம். எந்தப் பட்டறையை எந்தத் தேதியில் பார்த்தீர்கள், என்ன சான்று பார்த்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.