பிறக்க முதல் நடந்ததை "நான்" எண்டு எழுதலாமோ?

கொண்டல்:
போன ஞாயிறு எங்கட ஊர் வாசிகசாலையில ஒரு பெடியன்ர முதல் கவிதைத் தொகுப்பு வெளியிட்டவை. 25 வயசு. நாலு பேர் பேசினவை, ஒருத்தரும் புத்தகத்தை விரிச்ச மாதிரித் தெரியேல்ல, அது இஞ்ச வழமைதானே. நான் வாங்கி வாசிச்சன். அரைவாசி இடப்பெயர்வுக் கவிதை. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணச் சனம் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு வெளிக்கிட்ட இரவு, மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தில "நான் நிண்டேன்" எண்டு எழுதியிருக்கிறார். தம்பி அப்ப பிறக்கவேயில்லை! கவிதை தானா வந்து இறங்கினது எண்டு முன்னுரையில வேற எழுதியிருக்கிறார். எங்கயிருந்து இறங்கினது, பழைய தொகுப்புகளில இருந்தோ? நான் அந்தப் பாலத்தில நிண்டவன், அதுதான் கேக்கிறன்.

பூவரசு:
அண்ணை, நானும் 95க்குப் பிறகு பிறந்தனான்தான். ஆனா அந்த இரவு எனக்குப் பாடம், ஏனெண்டா கரண்ட் போற ஒவ்வொரு நாளும் அம்மா அதைத்தான் சொல்லுவா, அம்மம்மாவை சைக்கிள் கரியரில வச்சு உருட்டினது, ஒரு செருப்பு சேத்துக்க போனது எல்லாம். அது எங்கட கதை இல்லையோ? கவிஞர் நுஃமான் கிழக்கில கல்முனைக்காரர், 81ல யாழ்ப்பாண நூலகம் எரிச்சதுக்கு 'புத்தரின் படுகொலை' எழுதினவர். நூலகப் படிக்கட்டுக்குப் பக்கத்தில புத்தர் செத்துக் கிடந்ததை அவர் கண்ணால கண்டவரோ?

கொண்டல்:
பிள்ளை, நல்ல இடத்தில கை வச்சீர். ஊர் கல்முனை எண்டாலும் அந்த நேரம் அவர் யாழ்ப்பாணம் கம்பஸில படிப்பிச்சவர். அதை விடும், கவிதையின்ர முதல் வரியிலயே அது கனவு எண்டு சொல்லிப்போடுறார். அதுதான் நேர்மை. இவர் கனவு எண்டும் சொல்லேல்ல, அம்மா சொன்னவ எண்டும் சொல்லேல்ல, நேர "நான்" எண்டு பாலத்தில ஏறி நிக்கிறார். கவிதையும் பாருங்கோ, கண்ணீர், குருதி, சிலுவை. உம்மட அம்மாவின்ர ஒத்தைச் செருப்பு மாதிரி ஒரு சாமான் அதுக்க இல்லை.

தட்டிவான்:
இடையில ஒண்டு. எங்கட ஈழத்துக் கவிஞர் மஹாகவியின்ர (உருத்திரமூர்த்தி, பாரதி இல்லை) 'தேரும் திங்களும்' கவிதை தெரியுமோ, கோயில் தேர் வடம் பிடிக்க வந்த ஒருத்தனை சாதி சொல்லி அடிச்சு விழுத்திறது. அந்த அடி மஹாகவிக்கு விழேல்லத்தானே. பிறகென்ன, அவனவன் பட்டதை மட்டும்தான் எழுதோணும் எண்டா எங்கட ஆக்கள் பாதிப்பேர் கந்தோர்க் கவிதைதான் எழுதோணும். (நானும் கந்தோரில வேலைதான்.)

கொண்டல்:
அதிலயும் "வந்தான் ஒருவன்" எண்டுதான் வரும் தம்பி. நான் வந்தன் எண்டு இல்லை.

பூவரசு:
சரி அண்ணை, பாலக் கவிதை எனக்கும் பெரிசா ஒட்டேல்ல, ஒத்துக்கொள்ளுறன். ஆனா 23ம் பக்கம் பாத்தனீங்களோ? கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கிற பாக், அதுக்க பிறப்பு அத்தாட்சி, காணி உறுதி, ரெண்டு பனடோல் காட், ஒரு சாறி. சண்டை முடிஞ்சு இவ்வளவு வருசமாகியும் தாய் அந்த பாக்கை வெறுமையாக்க விடுறா இல்லையாம், பள்ளிக்கூடத்தில அத்தாட்சி கேட்டா அதுக்க இருந்துதான் எடுத்துக் குடுத்திட்டு திருப்பி வாங்கி வைப்பாவாம். எங்கட வீட்டிலயும் அப்பிடி ஒண்டு கிடக்கு. அதைக் கண்டதும் புத்தகத்தை மூடி வச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன்.

கொண்டல்:
அது நல்ல கவிதை, இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா அது என்ர கட்சிக்குத்தான் சாட்சி. பாக்கை அவர் தினமும் கண்டிருக்கிறார், அதால வந்தது. பாலத்தைக் காணேல்ல, அதால வரேல்ல.

பூவரசு:
இல்லை அண்ணை, பாலத்தின்ர கதை கேக்காத ஒராளுக்கு அது ஆணியில தொங்கிற வெறும் பாக்தானே. கொழும்பில இருந்து வந்த என்ர மச்சாள் எங்கட வீட்டு பாக்கைப் பாத்திட்டு "எங்கயோ வெளிக்கிடுறியளோ மாமி" எண்டு கேட்டவள். கண்டது பாக், கேட்டது பாலம், ரெண்டும் சேந்துதான் அந்தப் பக்கம் வந்தது. நீங்கள் ஒண்டை மட்டும் கழட்டி எடுக்கப் பாக்கிறியள்.

தட்டிவான்:
கொண்டல் அண்ணை, ரெண்டு மணித்தியாலமாச் சத்தமில்லை?

கொண்டல்:
சாப்பிடப் போனனான். மனிசியிட்ட 23ம் பக்கத்தை வாசிச்சுக் காட்டினன். ஒண்டும் சொல்லேல்ல, எழும்பிப் போய் அலுமாரிக்கு மேல இருந்த எங்கட பாக்கை இறக்கித் தூசி தட்டிப்போட்டுத் திருப்பி வச்சிட்டா. பாலக் கவிதையில எனக்கு இன்னும் உடன்பாடில்லை. பெடியன்ர நம்பர் ஆரிட்டயும் இருந்தா உள்பெட்டியில போடுங்கோ, சாறிக்குப் பக்கத்தில கட்டாயம் ஒரு டோச் லைற் இருந்திருக்கும், அதை ஏன் விட்டவர் எண்டு கேக்கோணும்.